வீட்டு விவகாரம்

இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்டிருக்கும் நூலுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. அட்டை கிடையாது, விலையும் கிடையாது. மொத்தம் ஒரு பக்கம் தேறும். 1979-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ஆம் தேதி இந்திய சர்க்கார் ஐக்கிய நாடுகள் சபையிடம் கொடுத்த ஓர் அறிவிப்பு அது. மனித உரிமைகளைப் பற்றிய இரண்டு சர்வதேச உடன்படிக்கைகளில் இந்தியா அன்றுதான் சேர்ந்தது. ஒன்று குடிமை, அரசியல் உரிமைகளைப் பற்றியது. மற்றது பொருளாதார, சமூக, கலாசார உரிமைகளைப் பற்றியது. சேருகிறோம், ஆனால் என்று இழுத்து எழுதிக் கொடுத்த குறிப்புத்தான் நான் சொல்லும் நூல்.

நாவல்களையும் சிறுகதைகளையும் பற்றியே எழுதி வந்தவன் இந்தக் காகிதத்துக்கு ஏன் போனான் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்டம் படித்தவன் அல்ல நான். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டவன். ஆனால் வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். 'ஆனால்' என்ற சொல் எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்று கவனிப்பது எங்கள் தொழில்.

போனதற்குக் காரணம் பென்னலூர். பெரும்பாலோருக்கு இது பெங்களூர்ச் சாலையில் பஸ் ஜன்னலில் ஓடிப்போகிற ஒரு பெயர்ப் பலகை. ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இன்னொரு பக்கம் ஒரகடம். கார், டயர், கைபேசி, கண்ணாடி என்று உலகத்துக்கு வேண்டிய சாமான்களில் பாதி இந்த வட்டாரத்தில் ஆகிறது என்று தோன்றும். விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஹாரன் அடிக்கும். எங்கள் மாடியில் குடியிருக்கும் ஆறு பெண்கள் ஈரத் தலையோடு படியிறங்கி ஓடுவார்கள். (உரிமை, சமத்துவம் என்று இந்த ஊர்ப்பக்கத்தில் யார் பேச ஆரம்பித்தாலும் ராமானுஜரைக் கோபுரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். நான் ஏற்றப் போவதில்லை. அவர் பாவம், அங்கே ஏறியதற்கு வேறு காரணம் இருந்தது.)

அந்தப் பெண்களில் திருவாரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி. 2025 ஜனவரிக் கடைசியில் ஒரு நாள் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சங்கம் ஒருவழியாகப் பதிவாகிவிட்டது என்று செய்தி.

"சார், சங்கம் வெக்கறது சட்டப்படி தப்பாங்க சார்?" என்றாள்.

"தப்பில்லையம்மா. அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, பத்தொன்பதாவது ஷரத்து" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்புறம் எதுக்குங்க சார் அவங்க முப்பத்தேழு நாள் கொட்டாய்ல உக்காந்திருந்தாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சம்பவம் எனக்குத் தெரியும், நமக்கெல்லாம் தெரியும். 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போகாமல் பந்தலில் உட்கார்ந்தார்கள். கூலி, வேலை நேரம் எல்லாம் கோரிக்கையில் இருந்தாலும் முட்டிக்கொண்டது சங்கத்தில்தான். சங்கத்தின் பெயரில் எங்கள் பெயரைப் போடக் கூடாது என்றது கம்பெனி. பதிவு செய்ய வேண்டிய இலாகா காலம் தாழ்த்தியது. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. இதெல்லாம் என்ன நடந்தது என்பதற்குப் பதிலே தவிர, ஏன் நடந்தது என்பதற்குப் பதில் இல்லை. அரசியல் சட்டத்தில் இருக்கிற உரிமைக்கு ஏன் முப்பத்தேழு நாள்?

வக்கீல் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்து, "இந்தப் பக்கத்தைப் படியுங்கள், உங்களுக்குப் பிடிக்கும். நல்ல வசனகர்த்தா எழுதியது" என்றார். அதுதான் முதலில் சொன்ன பக்கம்.

படித்ததும் எனக்கு ஏற்பட்ட முதல் எண்ணம், இது ஒரு நீண்ட கதையின் பின்பகுதி என்பது. முன்பகுதி தெரியாமல் இதைப் படித்தால் ருசிக்காது. ஆகையால் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக சபைக்கு 1946-இல் முதல் தலைவராக இருந்தவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நம் ஜஸ்டிஸ் கட்சிப் பிரமுகர்தான். மனித உரிமைக் கமிஷனை அந்தச் சபை அந்த வருஷமே ஏற்படுத்திற்று. அந்தக் கமிஷனில் இந்தியாவின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் ஹன்ஸா மேத்தா. குஜராத்தியில் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர் என்பதால் எங்கள் ஜாதி என்று சொல்லிக்கொள்கிறேன். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் ஷரத்து, ஆங்கில வழக்கப்படி ஆண்களைக் குறிக்கும் சொல்லிலேயே எல்லோரையும் அடக்கி, எல்லா மனிதனும் சுதந்திரமாகப் பிறக்கிறான் என்கிற தோரணையில் இருந்தது. சில தேசங்களில் இதை ஆண்களுக்கு மட்டும் என்றே படிப்பார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார். சொல் மாறிற்று. 1948 டிசம்பர் 10-ஆம் தேதி பாரிஸில் அது நிறைவேறியபோது நாற்பத்தெட்டு நாடுகள் ஆதரித்தன; எட்டு நாடுகள் ஓட்டுப் போடவில்லை; எதிர்த்து ஒருவரும் இல்லை. முகவுரையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம உரிமை என்று பச்சையாக எழுத வேண்டும் என்று வாதாடியவர் இன்னோர் இந்தியர், லக்ஷ்மி மேனன்.

இதை நாம் அடிக்கடி சொல்லிப் பூரிக்கிறோம். அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது வேறு. பிரகடனம் என்று அழகாக எழுதிவைத்தால் போதுமா, மீறினால் யார் கேட்பது என்று ஆராய 1947 டிசம்பரில் ஜெனிவாவில் ஒரு தனிக் குழு கூடியது. அதற்குத் தலைமை வகித்தவரும் ஹன்ஸா மேத்தாதான். பெரிய வல்லரசுகள் பட்டும் படாமலும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், இந்தக் காகிதத்துக்குப் பல் வேண்டும் என்று கேட்டவர்களின் வரிசையில் இந்தியா முன்னால் நின்றது. சுதந்திரம் அடைந்து நாலு மாதம்கூட ஆகாத தேசம்.

இதற்கும் முன்னால், சுதந்திரமே வராதபோது நடந்தது ஒன்று. தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடை விதித்து 1946-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த இந்தியர்கள் யார்? 1860-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து டர்பனுக்குக் கரும்பு வெட்டப் போன கப்பலில் தொடங்கிய வம்சம். தில்லையாடி வள்ளியம்மை சிறையிலிருந்து வந்து பதினாறு வயதில் உயிர்விட்ட மண். இந்தியா விஷயத்தைப் பொதுச் சபைக்குக் கொண்டுபோயிற்று. விஜயலக்ஷ்மி பண்டிட் பேசினார். எதிரே ஸ்மட்ஸ், காந்தியோடு மல்லுக்கட்டி, பிறகு 1914-இல் ராஜியும் செய்துகொண்ட அதே ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையில் மனித உரிமை என்ற பேச்சு வரக் காரணமாயிருந்தவர்களில் அவரும் ஒருவர். அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: இது எங்கள் வீட்டு விவகாரம், வெளியார் தலையிட முடியாது. சாசனத்தில் அதற்கும் ஒரு ஷரத்து இருந்தது. இந்தியாவின் தரப்பு, ஒப்பந்தங்களை மீறி, சாசனத்தையும் மீறி ஜனங்களை நடத்தும்போது அது வீட்டு விவகாரமாக நின்றுவிடாது என்பது. 1946 டிசம்பர் 8-ஆம் தேதி ஓட்டு எடுத்தார்கள். நமக்கு முப்பத்திரண்டு, எதிராகப் பதினைந்து. மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிட்டது.

ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட நல்ல முதல் அத்தியாயம் அமையாது. கையில் ஒன்றுமில்லாத பாத்திரம் நியாயத்தை மட்டும் வைத்துக்கொண்டு சபையில் ஜெயிக்கிறது.

இனி அந்த 1979-ஆம் வருஷத்துப் பக்கம். எழுதியது யாருடைய சர்க்கார் என்பதை மறக்கக் கூடாது. நெருக்கடி நிலை 1977-இல் முடிந்து, ஜனதாக் கட்சி பதவிக்கு வந்திருந்தது. மொரார்ஜி தேசாய் பிரதம மந்திரி. அந்த மந்திரி சபையில் பலர் விசாரணையில்லாமல் ஒன்றரை வருஷம்வரை உள்ளே இருந்து வந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் உலக உடன்படிக்கையில் சேருகிறார்கள் என்றால், காரணமின்றி ஒருவனைப் பிடித்து அடைப்பதைப் பற்றிய ஷரத்தை எப்படி வரவேற்றிருப்பார்கள் என்று எதிர்பார்ப்போம்? அவர்கள் எழுதிய குறிப்பின் சாரம் இது: அந்த ஒன்பதாவது ஷரத்தை எங்கள் அரசியல் சட்டத்தின் தடுப்புக் காவல் விதிகளுக்கு ஒத்து வரும்படியே படிப்போம்; மேலும், அநியாயமாகக் கைதானவருக்கு சர்க்காரிடம் நஷ்ட ஈடு கேட்டு வாங்கும் உரிமை எங்கள் சட்ட முறையில் கிடையாது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். எழுத்தில் குரூரம் பலவகை. எழுதுகிறவன் தான் பட்டதையே மறந்துவிட்டு எழுதுகிற குரூரம் எனக்குச் சகிப்பதில்லை.

முதல் ஷரத்திலும் ஓர் ஆனால் உண்டு. ஜனங்களின் சுயநிர்ணய உரிமை அந்நிய ஆதிக்கத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே என்று இந்தியா எழுதிற்று. இதற்கு பிரான்ஸும் அப்போதைய மேற்கு ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஆக்ஷேபம் தெரிவித்தன. காலனிகளை வைத்துக் கொழுத்த நாடுகள் நமக்குப் பாடம் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறதுதான். அதை விட்டுவிடுகிறேன், எனக்கு வேண்டியது அதற்குச் சில வரிகள் கீழே இருந்தது.

ஒரு உடன்படிக்கையில் இருபத்திரண்டாவது ஷரத்து, மற்றதில் எட்டாவது ஷரத்து. இரண்டும் சங்கம் வைக்கும் உரிமை. எட்டாவதில் வேலைநிறுத்தம் செய்யும் உரிமையும் இருக்கிறது. இவற்றை எங்கள் அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாவது ஷரத்துக்குப் பொருந்தப் படிப்போம் என்கிறது குறிப்பு. மேலாகப் பார்த்தால் சாதுவான வாக்கியம். நம் சட்டத்திலும் சங்க உரிமை இருக்கிறதே, பிறகென்ன? ஆனால் அந்தப் பத்தொன்பதாவது ஷரத்தை நம் உச்ச நீதிமன்றம் 1961-லேயே அளந்து கொடுத்துவிட்டது. சங்கம் வைக்கலாம், அந்தச் சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்பதோ, அது வேலைநிறுத்தம் செய்யலாம் என்பதோ அந்த உரிமைக்குள் அடங்காது. 2003-இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சர்க்கார் ஊழியர்கள் ஒரே மூச்சில் வேலை நீக்கப்பட்டு வழக்கு மேலே போனபோது, வேலைநிறுத்தம் அவர்கள் உரிமையே அல்ல என்று மறுபடியும் சொல்லிற்று. ஆக, உலகம் கொடுத்த பெரிய அண்டாவை வாங்கி, நம் வீட்டு டம்ளரால் அளந்து ஊற்றிக்கொள்கிறோம் என்பதுதான் அந்தச் சாதுவான வாக்கியத்தின் பொருள்.

மாடிப் பெண்ணின் கேள்விக்கு இதுதான் பதில். சங்கம் வைத்தது தப்பில்லை. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்ததும் அப்போது சட்டப்படி தப்பில்லை. 2025 நவம்பர் 21-ஆம் தேதி அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில், நிர்வாகத்தோடு பேசத் தகுதியுள்ள சங்கம் என்று ஒன்றை அங்கீகரிக்க வழி செய்திருக்கிறார்கள். நல்லதுதான். அதே கையோடு, எந்தத் தொழிற்சாலையிலும் பதினாலு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் சமாசாரமும் இதே சாயல். 1919-இல் அது பிறந்தபோதே இந்தியா அங்கத்தினர்; 1922 முதல் நிர்வாகக் குழுவில் நிரந்தரமாக நாற்காலி. அதன் முதல் ஒப்பந்தமே வேலை நேரத்தைப் பற்றியது. உலகத் தொழிலாளிக்கு வாரம் நாற்பத்தெட்டு மணி என்று எழுதிவிட்டு, பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டும் அறுபது மணி என்று தனி ஷரத்துப் போட்டார்கள். அன்று அந்த ஆனாலை எழுதியவர்கள் அந்நியர்கள். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி நம் சட்டசபையிலேயே பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் கொடுக்கும் மசோதா நிறைவேறியதையும், கூச்சல் கிளம்பி மே தினத்தன்று அது வாபஸானதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த ஸ்தாபனத்தின் 87-ஆவது ஒப்பந்தம் சங்க சுதந்திரம்; 98-ஆவது கூட்டாகப் பேரம் பேசும் உரிமை. 1948, 1949-இல் வந்தவை. இந்தியா இரண்டையும் இன்றுவரை ஏற்கவில்லை. சர்க்கார் ஊழியர்களுக்குச் சில உரிமைகளைக் கொடுக்க வேண்டிவரும் என்பது சர்க்கார் சொல்லும் காரணம். அமெரிக்காவும் ஏற்கவில்லை என்பார்கள். உண்மை. பொருளாதார உரிமை உடன்படிக்கையில் 1977-இல் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னும் அமெரிக்கா சும்மாதான் இருக்கிறது. சீனா அதை 2001-இல் ஏற்றபோது சங்கம் பற்றிய ஷரத்துக்கு மட்டும் தனிக் குறிப்பு எழுதிற்று. பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் இந்த ஓர் இடத்தில்தான் செருப்புக் கடிக்கிறது போலும்.

ஆனால் கொரியா? 2021 ஏப்ரலில் தென்கொரியா இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் ஏற்றுவிட்டது. ஐரோப்பாவோடு செய்துகொண்ட வியாபார ஒப்பந்தத்தின் நெருக்குதல் அதற்கு ஒரு காரணம் என்பது மறைக்க வேண்டிய விஷயமல்ல. சங்கமே இல்லாத நிர்வாகம் என்ற கொள்கை இனி கிடையாது என்று சாம்சங்கின் துணைத் தலைவர் 2020 மே மாதம் அந்நாட்டு ஜனங்களிடம் பகிரங்கமாகச் சொன்னார். 2024 ஜூலையில் அங்கே அவர்கள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் சுங்குவார்சத்திரத்தில் பந்தல் போட்டது.

இவ்வளவு குறை சொன்னவன் ஒரு நல்லதைச் சொல்லாமல் விட்டால் விமரிசனம் வக்கிரமாகிவிடும். அந்த 1979-ஆம் வருஷத்துப் பக்கத்துக்கு மிக நல்ல வாசகர்கள் கிடைத்தார்கள். அவர்கள் நம் நீதிபதிகள். பீகாரில் விடுதலை தீர்ப்பான பிறகும் பதினாலு வருஷம் சிறையில் கிடந்த ஒருவருக்கு 1983-இல் உச்ச நீதிமன்றம் பணம் கொடுக்கச் சொல்லிற்று. ஒரிசாவில் போலீஸ் காவலில் மகனை இழந்த ஒரு தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1993-இல் நஷ்ட ஈடு விதித்தது; எந்த ஷரத்தை சர்க்கார் ஒதுக்கிவைத்ததோ அதையே எடுத்துக் காட்டி விதித்தது. 1996 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தக் குறிப்புக்கு இனி அர்த்தமில்லை என்றே எழுதிவிட்டது. ஆசிரியர் சுருக்கி எழுதியதை வாசகர்கள் விரித்துப் படித்தார்கள். இலக்கியத்தில் அபூர்வமாகத்தான் இப்படி நடக்கும்.

சங்க ஷரத்துக்கு மட்டும் அப்படி ஒரு வாசகர் இன்னும் வாய்க்கவில்லை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் 1997-இல் இந்தியா கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை. அதற்கான மசோதா 2010-இல் லோக் சபையில் நிறைவேறி, மேல் சபைக் குழுவுக்குப் போய், காலாவதியாயிற்று. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நடந்ததைத் தமிழ் வாசகர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. அதைச் சொல்லாவிட்டால் முன்னால் ஸ்மட்ஸை இழுத்ததில் பொருளில்லை. 2009 மே 27-ஆம் தேதி, முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்து பத்து நாள்கூட ஆகாத நேரத்தில், ஜெனிவாவில் மனித உரிமைக் கவுன்சில் ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. இலங்கை சர்க்காரைப் பாராட்டும் தீர்மானம். ஒரு நாட்டின் உள் விவகாரங்களில் பிறர் தலையிடலாகாது என்ற கொள்கையை அது மறுபடி வலியுறுத்தியது. ஆதரவாக இருபத்தொன்பது ஓட்டு; அதில் ஒன்று இந்தியாவுடையது. இன்னொன்று, கேளுங்கள், நிறவெறியிலிருந்து விடுபட்ட தென்னாப்பிரிக்காவுடையது. அறுபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் எந்த வாதத்தை ஒரு தேசம் உடைத்ததோ, எந்த வாதத்தை உடைத்ததால் மற்றொரு தேசத்து ஜனங்களுக்குப் பின்னால் விமோசனத்துக்கு வழி பிறந்ததோ, அந்த வாதத்துக்கு இரண்டும் சேர்ந்து கை தூக்கின. பிறகு 2012-லும் 2013-லும் இலங்கைக்கு எதிரான தீர்மானங்களை இந்தியா ஆதரித்தது. 2014-லும் 2021-லும் 2022-லும் ஓட்டுப் போடாமல் இருந்துவிட்டது. ராஜதந்திரத்தில் காரணங்கள் இருக்கும். அவற்றைப் புரிந்துகொள்கிற அளவுக்கு எனக்கும் வயதாகிவிட்டது. கொழும்பில் சீனாக்காரன் துறைமுகம் கட்டினான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பாத்திரம் முதல் அத்தியாயத்தில் பேசிய வசனத்தைப் பின்னால் எதிராளியின் வாயிலிருந்து வாங்கிப் பேசினால், நடுவில் என்ன நேர்ந்தது என்று ஆசிரியன் வாசகனுக்குச் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்த அத்தியாயத்தை யாரும் எழுதிக் காட்டவில்லை. தேசம் பெரிதாகிவிட்டது என்கிறார்கள். பெரிதானால் வாதம் மாறுமா?

வக்கீல் நண்பரைக் கேட்டேன், இந்தக் குறிப்பை வாபஸ் வாங்குவதென்றால் என்ன செய்ய வேண்டும் என்று. பெரிய சடங்கு ஒன்றுமில்லை, ஐ.நா. காரியதரிசிக்கு சர்க்கார் ஒரு கடிதம் எழுதினால் ஆயிற்று என்றார்.

மாடிப் பெண்ணிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. இரவு ஷிப்டுக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கொரியா சமாசாரத்தை மட்டும் சொன்னேன்.

"அவங்க ஊர்ல உண்டுங்களா?"

"உண்டு."

"கம்பெனி ஒண்ணுதானேங்க சார்?" என்றாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

புத்தகத்தை இன்னும் நண்பருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்க வேண்டும்.